கேரவனின் அடிப்பகுதி: பட்டை, புஷ், ஷாக்கிள் பற்றி வாசகர் கேள்விகள்

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை நெருங்கும்போது இப்பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கு மாறிவிடுகிறது. சிங்கப்பூரில் ஒரு கேரவனை, அதாவது காரின் பின்னால் பூட்டும் வீட்டு வண்டியை, இழுத்துச் செல்லத் தூரமும் இல்லை, நிறுத்தி வைக்க இடமும் இல்லை. ஆயினும் பெர்த்திலும் மெல்பர்னிலும் டெக்சஸிலும் உறவினர்களோடு சேர்ந்து கேரவன் வைத்திருக்கும் வாசகர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வண்டியின் அடியில் தேய்ந்துபோன பாகங்களைப் பற்றியவை என்பதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, பெர்த்தில் வசிக்கும் என் மைத்துனரும் நானும் சேர்ந்து இரண்டு அச்சுள்ள பழைய கேரவன் ஒன்றை வாங்கினோம். அண்மையில் அதைச் சோதித்த பணிமனையில், பட்டை ஸ்பிரிங்கின் முனையை இணைக்கும் ஷாக்கிள் தகடுகளின் துளைகள் நீள்வட்டமாகிவிட்டன, போல்ட்டுகளைச் சுற்றியிருக்க வேண்டிய நைலான் புஷ்கள் தேய்ந்து காணாமலே போய்விட்டன என்றார்கள். கிரீஸ் ஏற்றக்கூடிய போல்ட்டுகளும் வெண்கலப் புஷ்களும் கொண்ட முழுத் தொகுப்பை மாற்றச் சொல்கிறார்கள். நைலான் புஷ்ஷை மட்டும் புதிதாகப் போட்டால் போதும், விலையும் மிகக் குறைவு என்கிறார் என் மைத்துனர். யார் சொல்வதைக் கேட்பது?
வாசகர், தெம்பனிஸ்

பதில்: சிக்கனம் நல்லதுதான், ஆனால் உங்கள் மைத்துனர் அதைக் காட்டத் தேர்ந்தெடுத்த இடம் சரியில்லை. இந்த வகை வண்டியில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு பட்டை ஸ்பிரிங் கட்டுகள் இருக்கும். அவற்றுக்கு நடுவே, ஆஸ்திரேலியர்கள் ராக்கர் என்றும் அமெரிக்கர்கள் ஈக்வலைசர் என்றும் சொல்லும் ஊசலாடும் இரும்புத் துண்டு தொங்கும். முன் சக்கரம் ஒரு மேட்டில் ஏறும்போது அந்தத் துண்டு சாய்ந்து, பாரத்தின் ஒரு பகுதியைப் பின் சக்கரத்துக்குத் தள்ளிவிடுகிறது. இருமுனையிலும் கண் (போல்ட் நுழையும் வளையம்) வைத்த பட்டைகள் உள்ள வழக்கமான அமைப்பில் பக்கத்துக்கு 7 என மொத்தம் 14 போல்ட்டுகள் இந்த ஊசலாட்டத்தைத் தாங்கி நிற்கின்றன. கேரவனின் எடை முழுவதும் சக்கரத்துக்குப் போய்ச் சேரும் வழி இந்தப் போல்ட்டுகள்தாம்.

தொழிற்சாலையில் இவற்றைப் பொருத்தும்போது பட்டையின் கண்ணுக்குள் மெல்லிய நைலான் குழாய் ஒன்றைச் செருகி, அதற்குள் உலர்ந்த போல்ட்டை நுழைத்துவிடுவார்கள். கிரீஸ் போக வழியே கிடையாது. நைலான் தேய்ந்து முடிந்தபின் எஃகின் மேல் எஃகு உராயத் தொடங்கும். முதலில் போல்ட் தேயும், அடுத்துப் பட்டையின் கண் பெரிதாகும், பிறகு ஷாக்கிளின் துளை நீளும். இவற்றுள் ஷாக்கிள் துளையின் தேய்மானத்தையே நான் மிகவும் அஞ்சுவேன். இந்தப் போல்ட்டின் தலைக்குக் கீழே நெடுக்குவரிப் பற்கள் இருக்கும். அவை தகட்டின் துளையைக் கவ்விப் பிடித்து, போல்ட் சுழலாமல் காக்கின்றன. துளை வட்டத்தை இழந்தால் பற்களுக்குப் பிடி இல்லை. பட்டை அசையும்போதெல்லாம் போல்ட்டும் சேர்ந்து சுழன்று, தகட்டை மேலும் அறுத்து, நாளடைவில் நட்டையும் தளர்த்திவிடும். நீள்வட்டத் துளைக்குள் புதிய நைலான் புஷ்ஷைப் போட்டுக் கொடுப்பது, உளுத்துப்போன நிலைக்காலில் புதிய கீல் அடிப்பது போன்றது.

ஆகவே பணிமனை சொன்னதே சரி. புஷ், போல்ட், ஷாக்கிள் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். தடித்த ஷாக்கிள் தகடுகள் உள்ள தொகுப்பாகக் கேளுங்கள். அமெரிக்கத் தயாரிப்புகளில் சாதாரணத் தகடு கால் அங்குலத் தடிமன், கனரகத் தகடு அரை அங்குலத் தடிமன். வெண்கலப் புஷ் நைலானைவிடப் பல மடங்கு உழைக்கும், கிரீஸ் தவறாமல் கிடைத்தால். சக்கரங்களைக் கழற்றி, வண்டியை உயர்த்தி, துருப்பிடித்த போல்ட்டுகளை அடித்து வெளியேற்றும் கூலி நைலானுக்கும் வெண்கலத்துக்கும் ஒன்றே. அந்தக் கூலியை இரண்டு முறை கொடுக்க வேண்டாம் என்று உங்கள் மைத்துனரிடம் சொல்லிப் பாருங்கள்.

வேலை நடக்கும்போது நீங்களோ அவரோ அருகில் இருந்தால், சிலவற்றைக் கவனிக்க வேண்டும். வண்டியைச் சட்டத்தின் அடியில் ஜாக்கி வைத்துத்தான் உயர்த்த வேண்டும். அச்சுக் குழாயின் நடுவில் ஜாக்கி வைத்தால் குழாய் வளைந்து, சக்கரங்களின் நேர்மை போய்விடும். உயர்த்தியபின் எடை ஸ்டாண்டுகளின்மேல் நிற்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. புதிய போல்ட்டைச் சுத்தியலால் தட்டி, பற்கள் துளையில் நன்றாகப் பதிந்தபின், தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டுமே திருக வேண்டும். தலையைத் திருகினால் பற்கள் வழுக்கையாகிவிடும், அந்தப் போல்ட் புதிதாக இருந்தும் பயனில்லை. கிரீஸ் வெளிவரும் சிறு துளை பக்கவாட்டில் இருக்கும்படி போல்ட்டைத் திருப்பி வைப்பது இன்னொரு நுணுக்கம். எடை அழுத்தும் பக்கத்தில் துளை அமைந்துவிட்டால் புஷ் அதை அடைத்துக்கொள்ளும், எவ்வளவு அழுத்தினாலும் கிரீஸ் உள்ளே போகாது. நட்டுகளை அளவுக்கு மீறி இறுக்குவதும் கெடுதல்தான். ஷாக்கிள் தகடுகள் தாராளமாக ஊசலாட வேண்டியவை என்பதால், அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் இந்த நட்டுகளுக்குப் பொதுவாக 30 முதல் 50 அடி-பவுண்டு வரை, அதாவது ஏறத்தாழ 41 முதல் 68 நியூட்டன் மீட்டர் வரை மட்டுமே குறிப்பிடுகிறார்கள். உங்கள் தொகுப்புடன் வரும் தாளில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

பட்டைகளைத் தாங்க, சட்டத்தோடு பற்றவைக்கப்பட்ட ஹேங்கர் பிராக்கெட்டின் துளைகளும் நீண்டிருக்கின்றனவா, பற்றவைப்பில் விரிசல் உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். புதிய ஷாக்கிளை மாட்டிவிட்டுத் தேய்ந்த ஹேங்கரை அப்படியே விடுவது பலரும் செய்யும் அரைகுறை வேலை. நம் ஊரில் காக்கி புக்கிட் பக்கம் பழுதுபார்க்க நிற்கும் 10 அடி லாரிகளுக்கு ஆண்டுச் சோதனை என்ற கட்டாயமாவது இருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் பதிவு தொடர்ந்து புதுப்பிக்கப்படும்வரை தனியார் கேரவனுக்கு அப்படி ஆண்டுதோறும் கட்டாயச் சோதனை கிடையாது என்பதால், உரிமையாளர் குனிந்து பார்த்தால்தான் உண்டு.

கேள்வி: எப்படியும் அடிப்பகுதியைக் கழற்றத்தான் போகிறோம் என்பதால், கூடுதல் எடை தாங்கும் பட்டைகளாகவே போட்டுவிட்டால் இன்னொரு தண்ணீர்த் தொட்டியும் சூரிய மின்தகடுகளும் சேர்க்கலாம் என்று என் அண்ணன் சொல்கிறார். அவருடைய கேரவன் மெல்பர்னில் இருக்கிறது. இது சரியா?
வாசகர், ஈசூன்

பதில்: எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது, அடிக்கடி ஏமாற்றம் தரும் பதிலும் இதற்கே. பட்டையை மாற்றுவதால் கேரவன் தாங்கும் எடை கூடுவதில்லை. வண்டியில் பொருத்தியிருக்கும் விவரப் பலகையில் ஏடிஎம் என்று ஓர் எண் இருக்கும். இழுக்கும் காரிலிருந்து கழற்றி நிறுத்தினால் வண்டியும் சுமையும் சேர்ந்து எவ்வளவு இருக்கலாம் என்பதன் உச்ச வரம்பு அது. அதன் அருகிலுள்ள ஜிடிஎம் என்ற எண், காரோடு பூட்டிய நிலையில் சக்கரங்கள் தாங்கலாகும் உச்ச எடையைக் குறிக்கும். அச்சுக் குழாய், தாங்குருளைகள், பிரேக், டயர், சக்கரம், சட்டம், இணைப்பு எல்லாவற்றையும் கணக்கில் கொண்டு வகுக்கப்பட்ட எண்கள் இவை. பட்டையை மட்டும் தடிப்பாக்கினால் சங்கிலியின் ஒரு வளையம் வலுப்படுகிறதே தவிர, மற்ற வளையங்கள் பழைய வலுவிலேயே நிற்கும். பலகையில் உள்ள எண்ணை உயர்த்த வேண்டுமானால் பொறியாளர் சான்றும் அந்த மாநிலப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதலும் தேவைப்படும்.

தடித்த பட்டையால் வேறொரு தீமையும் உண்டு. குறைந்த சுமையில் அது வளையவே வளையாது. சாலையின் ஒவ்வொரு அதிர்வும் நேரடியாகப் பெட்டிக்குப் போய்ச் சேரும். அலமாரித் திருகுகள் கழல்வதும், அடுப்பின் எரிவாயுக் குழாய் இணைப்புகள் தளர்வதும், சுவர்த் தகட்டின் ரிவெட்டுகள் விடுபடுவதும் இதன் விளைவுகள். மேற்கு ஆஸ்திரேலியாவின் கிப் ரிவர் சாலை போன்ற அலையலையான மண்சாலையில் மணிக்கணக்காக ஓடிய பிறகு, கேரவனின் உட்புறத்தைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

எனவே உங்கள் அண்ணன் முதலில் செய்ய வேண்டியது, தண்ணீர், எரிவாயு உருளை, துணிமணி, பாத்திரம் அனைத்தையும் பயணத்துக்கு ஏற்றுவதுபோலவே ஏற்றி, பொது எடைமேடையில் வண்டியை நிறுத்துவதுதான். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோகிராம்; நூறு லிட்டர்த் தொட்டி ஒன்று சேர்ந்தால் நூறு கிலோ கூடுகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எடை வரம்புக்குள் இருந்து, பட்டைகள் மட்டும் தட்டையாகியிருந்தாலோ எதிர்ப்புறம் வளைந்திருந்தாலோ ஸ்பிரிங்கின் ஓர் இலைத் தகட்டில் விரிசல் இருந்தாலோ, அதே தாங்குதிறனும் அதே நீளமும் கொண்ட புதிய பட்டைகளை வாங்கட்டும். ஒரு பட்டை மட்டும் உடைந்திருந்தாலும் அதே அச்சின் மறுபக்கப் பட்டையையும் மாற்றுவதே முறை. இல்லையேல் வண்டி ஒருபுறம் சாய்ந்தே ஓடும். பட்டையை அச்சோடு கட்டும் யூ போல்ட்டுகளை எக்காரணம் கொண்டும் மறுபடி பயன்படுத்த வேண்டாம். ஒருமுறை இறுக்கும்போதே அவை இழுபட்டு நீண்டுவிடுகின்றன. பழையவற்றை மீண்டும் பூட்டினால் அவை நாளடைவில் தளரும். அப்போது பட்டையின் மைய போல்ட் மட்டும் அச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். அது வெட்டுப்பட்டால் அச்சு இடம் நகர்ந்துவிடும்.

கேள்வி: டெக்சஸில் இருக்கும் என் மகள் வீட்டாரின் கேரவனுக்கு, நடுவில் ரப்பர் வைத்த ஈக்வலைசர் ஒன்றைப் பரிந்துரைக்கிறார்கள். விலை அதிகம். பயன் உண்டா?
வாசகர், சுவா சூ காங்

பதில்: உண்டு, ஆனால் இரண்டாம் கட்டத்தில். சாதாரண ஈக்வலைசர் ஒரு திடமான எஃகுத் துண்டு. பாரத்தைப் பகிர்ந்து கொடுக்குமே தவிர அதிர்ச்சியை உள்வாங்காது. டெக்ஸ்டர், மோரைட் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் விற்கும் வகைகளில் உள்ளே வைத்த ரப்பர் நசுங்கி, பாலத்து இணைப்பு, சாலைக் குழி போன்றவற்றின் திடீர் அடியை மழுக்குகிறது. கேரவனுக்குள் பொருள்கள் இடம் மாறுவது குறைவதாக அதைப் போட்டவர்கள் சொல்வது நம்பத் தகுந்ததே. ஆனால் தேய்ந்த ஷாக்கிளும் உலர்ந்த புஷ்ஷும் இருக்கும் வண்டியில் அதை மட்டும் மாட்டினால் கொடுத்த பணத்துக்குப் பலன் கிடைக்காது. 14 போல்ட்டுகளையும் புதுப்பிக்கும்போது அதையும் சேர்த்துப் போட்டால் கூடுதல் கூலி ஏறக்குறைய இல்லை. தனியாக அதற்கென்று வண்டியைத் தூக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். டெக்சஸ் வெயிலில் ரப்பர் காலப்போக்கில் விரிசல் விடும் என்பதையும் நினைவில் வையுங்கள். வாங்கும்முன் இரு அச்சுகளுக்கும் இடையிலான தூரத்தை அளந்து, அந்த அளவுக்குரிய மாதிரியையே கேட்க வேண்டும்.

கேள்வி: இணையத்தில் அமெரிக்கத் தொகுப்பு மலிவாகக் கிடைக்கிறது. சிங்கப்பூருக்கு வரவழைத்து, டிசம்பரில் பெர்த்துக்குப் போகும்போது பெட்டியில் கொண்டு போகலாமா?
வாசகர், பொங்கோல்

பதில்: புதிய இரும்புப் பாகங்களைக் கொண்டு போவதில் தவறில்லை, ஆனால் பெட்டியின் எடையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய சிக்கல் அளவில்தான் இருக்கிறது. அமெரிக்கத் தொகுப்புகள் பெரும்பாலும் ஒன்றே முக்கால் அங்குல அகலப் பட்டைக்கும் 9/16 அங்குல போல்ட்டுக்கும் செய்யப்பட்டவை. ஆஸ்திரேலியக் கேரவன்களில் 45 மில்லிமீட்டர் பட்டையும் உண்டு, 60 மில்லிமீட்டர் பட்டையும் உண்டு. ஒரு முனையில் கண்ணே இல்லாமல் வழுக்கிச் செல்லும் ஸ்லிப்பர் பட்டையும் பரவலாக இருக்கிறது. அதற்கு ஷாக்கிளே கிடையாது. பட்டை அகலம், கண்ணின் உள்விட்டம், போல்ட்டின் விட்டம் ஆகியவற்றை அங்கே இருப்பவர் அளந்து அனுப்பாமல் எதையும் வாங்க வேண்டாம். பெர்த்திலேயே இந்தப் பாகங்கள் கிடைக்கும். அளவு தவறினால் திருப்பிக் கொடுக்கவும் முடியும்.

கேள்வி: டயர் மாற்றிய பிறகும் ஒரு சக்கரத்தின் உள்விளிம்பு மட்டும் வேகமாகத் தேய்கிறது. புஷ், ஷாக்கிள் எல்லாம் மாற்றியாகிவிட்டது. காற்றழுத்தமும் சரி. வேறு என்ன காரணம்?
வாசகர், பிடோக்

பதில்: தேய்ந்த பாகங்களோடு நெடுங்காலம் ஓடிய வண்டியில் அச்சே வளைந்திருக்கலாம், அல்லது வண்டியின் நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக இல்லாமல் கோணலாக நிற்கலாம். இரண்டாவதை வீட்டிலேயே அளந்து பார்க்க முடியும். சமதளத்தில் வண்டியை நேராக முன்னோக்கி இழுத்து நிறுத்தி, காரோடு பூட்டும் முன்புறத்து இணைப்பின் நடுப்புள்ளியிலிருந்து முன் அச்சின் இடமுனைக்கும் வலமுனைக்கும் அளவு நாடா பிடியுங்கள். இரண்டும் ஏறத்தாழ 3 மில்லிமீட்டருக்குள் ஒத்திருக்க வேண்டும். பிறகு முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரத்தை இரு பக்கமும் அளந்து ஒப்பிடுங்கள். அதில் வேறுபாடு இன்னும் குறைவாக இருக்க வேண்டும்.

அளவுகள் ஒத்திருந்தும் உள்விளிம்பு தேய்ந்தால், அச்சுக் குழாய் சற்றே வளைந்து சக்கரத்தின் மேற்புறம் உள்பக்கம் சாய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அளவுக்கு மீறிய சுமை காரணமாக இருக்கலாம். அத்தகைய அச்சை நேராக்கும் கருவியுள்ள பணிமனைகள் உண்டு. வளைவு பெரிதென்றால் மாற்றுவதே மேல். இரண்டு அச்சு வண்டியைக் குறுகிய இடத்தில் வெட்டித் திருப்பும்போது ஹேங்கர்கள் பக்கவாட்டில் முறுக்கப்படுகின்றன என்பதால், இடது வலது ஹேங்கர்களை இணைக்கும் குறுக்குத் தாங்கியொன்று போடலாமா என்றும் விசாரியுங்கள். கேரவன் பூங்காக்களில் அடிக்கடி நெருக்கிப் பின்னோக்கி நிறுத்துவோருக்கு அது நல்ல முதலீடு.

கேள்வி: எங்கள் கேரவனில் பட்டையே இல்லை. சதுரக் குழாய்க்குள் ரப்பர் இருக்கும் அச்சு என்கிறார்கள். வண்டி தாழ்ந்துவிட்டது. ரப்பரை மட்டும் மாற்றலாமா?
வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: முடியாது. இந்த முறுக்கு அச்சில் ரப்பர் உருளைகளை நெருக்கிக் குழாய்க்குள் அடைத்துவிடுகிறார்கள். வெளியே நீட்டியிருக்கும் கை மேலெழும்போது ரப்பர் நசுங்கி எதிர்க்கிறது. ரப்பர் சோர்ந்துவிட்டால் அச்சு முழுவதையும் மாற்றுவதே வழி. புதியதை வாங்கும்போது கையின் தொடக்கக் கோணத்தைச் சரியாகக் குறிப்பிடுங்கள், இல்லையேல் வண்டியின் உயரம் மாறிவிடும். உங்களுடையது இரண்டு அச்சு வண்டியானால், பட்டை அமைப்பைப்போல இரு அச்சுகளும் பாரத்தைப் பகிர்ந்துகொள்ள இதில் ராக்கர் இல்லை. மூக்கு தாழ்ந்தோ உயர்ந்தோ இழுத்தால் ஓர் அச்சே பெரும் சுமையைத் தாங்கும் என்பதால், வண்டி எப்போதும் மட்டமாக நிற்கும்படி கொக்கியின் உயரத்தைச் சரிசெய்வது அவசியம்.

கேள்வி: ஷாக் அப்சார்பர் பொருத்தினால் இந்தத் தொல்லைகள் தீருமா?
வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: தேய்மானம் தீராது. பட்டை இலைகள் ஒன்றன்மேல் ஒன்று உராய்வதே துள்ளலை ஓரளவு அடக்கும் என்பதால்தான் பல கேரவன்கள் ஷாக் அப்சார்பர் இல்லாமலே தொழிற்சாலையை விட்டு வருகின்றன. நெடிய மண்சாலைப் பயணம் போவோருக்கு அது பயன்படும். தார்ச்சாலையில் ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் செல்வோர் அந்தப் பணத்தை நல்ல டயருக்கு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: சென்ற மாதம் வெண்கலப் புஷ்ஷும் கிரீஸ் போல்ட்டும் போட்டு முடித்தோம். இனி பராமரிப்பு எப்படி?
வாசகர், அங் மோ கியோ

பதில்: சட்டத்தில் ஜாக்கி வைத்து, சக்கரத்தின் எடை ஷாக்கிளில் இல்லாத நிலையில், கிரீஸ் ஏற்றும் வாயான ஒவ்வொரு நிப்பிளிலும் புதிய கிரீஸ் ஓரத்தில் எட்டிப்பார்க்கும்வரை கிரீஸ் கன்னால் ஏற்றுங்கள். சாதாரண லித்தியம் கிரீஸ், கெட்டித்தன்மையில் என்எல்ஜிஐ 2 தரம், போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது, மண்சாலைப் பயணம் முடிந்தாலோ கடற்கரை மணலில் ஓட்டினாலோ திரும்பிய உடனேயே, இதைச் செய்ய வேண்டும். கடற்கரைக்குப் பிறகு முதலில் நல்ல தண்ணீரால் அடிப்பகுதியைக் கழுவி, அதன்பின் கிரீஸ் ஏற்றுங்கள். அப்போது உள்ளே புகுந்த உப்பு நீரையும் மணலையும் பழைய கிரீஸோடு சேர்த்துப் புதிய கிரீஸ் வெளியே தள்ளிவிடும். ஒரு நிப்பிள் கிரீஸ் ஏற்க மறுத்தால் அடைப்பு என்று விட்டுவிடாமல், போல்ட்டைக் கழற்றித் துளையின் திசையைப் பாருங்கள்.

சென்ற மாதம்தான் வேலை முடிந்தது என்பதால் யூ போல்ட் நட்டுகளை முதல் பயணத்துக்குப் பிறகு இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி சோதிக்க வேண்டும். சக்கரங்களைக் கழற்றி மாட்டியிருப்பார்கள் என்பதால் சக்கர நட்டுகளையும் முதல் 15, 40, 80 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒவ்வொரு முறையும் சரிபாருங்கள். அரை அங்குல போல்ட் உள்ள சக்கரங்களுக்கு 90 முதல் 120 அடி-பவுண்டு என்பது வழக்கமான அளவு. அலுமினியச் சக்கரமானால் தயாரிப்பாளர் தரும் எண்ணையே கடைப்பிடியுங்கள்.